“ஓம், போட்டோம்”: அம்பாறைச் சாப்பாட்டுக் கடையிலிருந்து பேஸ்புக்கின் மன்னிப்பு வரை

எதைப் பற்றியது

2018 பெப்ரவரி 26 இரவு, இலங்கையின் அம்பாறை நகரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தகராறு ஒன்று வெடித்தது. அந்த விவகாரம் 2020 மே மாதத்தில், பேஸ்புக் நிறுவனம் கேட்ட மன்னிப்பில் வந்து நின்றது. நடுவில் இரண்டு ஆண்டுகளுக்கும் மேல். அந்தக் காலத்தில் யார் எதைக் கண்டார்கள், என்ன முடிவெடுத்தார்கள், எந்த முடிவு பலித்தது, எது பலிக்கவில்லை என்பதை வரிசையாகக் குறித்து வைக்கிறேன்.

சமூக ஊடக நிறுவனங்களின் பொறுப்பு பற்றிப் பேசும்போது எல்லோரும் முதலில், ரோஹிங்யா முஸ்லிம்களுக்கு எதிரான வெறுப்பு பேஸ்புக்கில் பரவிய மியன்மாரைத்தான் சொல்வார்கள். தமிழ் வாசிக்கிறவர்களுக்கு இலங்கைக் கதைதான் கிட்டத்தில் இருக்கிறது. அடிபட்டவர் தமிழ் பேசும் முஸ்லிம். அவர் அடிபட்டதற்கு ஒரு காரணம், அவருக்குச் சிங்களம் சரியாக வராது. அதன் பிறகு நடந்த ஒவ்வொன்றிலும் இதே கோளாறு வேறு வேறு இடத்தில் தலைகாட்டுகிறது. ஒருவர் சொன்னது அதைக் கேட்க வேண்டியவருக்குப் புரியவில்லை.

பாதிக்கப்பட்டவர்களின் பெயர்களை எழுதவில்லை. அவர்கள் இனியும் அங்கே வாழ வேண்டியவர்கள். தூண்டிவிட்டவர்களின் பெயர்களையும் எழுதவில்லை. அவர்களுக்கு ஏற்கெனவே போதுமான விளம்பரம் கிடைத்துவிட்டது.

பின்னணி

2014 ஜூன் மாதம் அளுத்கமையில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறை நடந்தது. அதே ஆண்டு செப்டெம்பரில், கொழும்பிலுள்ள மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் பேஸ்புக்கில் பரவும் வெறுப்புப் பேச்சு பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டது. 20 பேஸ்புக் குழுக்களை எடுத்து, அங்கே என்ன எழுதப்படுகிறது என்று பார்த்த ஆய்வு அது. எழுத்து பெரும்பாலும் சிங்களத்தில். இலக்கணச் சிங்களமும் அல்ல, தெருவில் பேசுகிற சிங்களம். ஆக, இப்படி ஒன்று நடக்கக்கூடும் என்பது 2018க்கு நான்கு ஆண்டுகள் முன்பே அச்சில் இருந்தது.

அந்தக் குழுக்களில் சுற்றிய கதைகளில் ஒன்று ‘வந்த பெத்தி’, அதாவது மலட்டு மாத்திரை. முஸ்லிம் கடைகளில் சாப்பாட்டிலும் உடுப்பிலும் எதையோ கலந்து சிங்களவர்களை மலடாக்குகிறார்கள் என்பது அதன் சாரம். 2018 தொடக்கத்தில் அதற்கு ஒரு கணக்கும் சேர்ந்துகொண்டது: அம்பாறையில் ஒரு முஸ்லிம் மருந்துக் கடைக்காரரிடம் 23,000 மலட்டு மாத்திரைகளைப் பொலிஸார் கைப்பற்றினார்கள் என்று. அப்படி எதுவும் நடக்கவில்லை. விழுங்கினால் ஆளை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை என்று மருத்துவத்தில் ஒன்று இல்லவே இல்லை. ஆனால் 23,000 என்று ஒரு எண்ணைச் சொல்லிவிட்டால் பொய்க்கும் ஒரு கனம் வந்துவிடுகிறது.

அந்த நேரத்தில் பேஸ்புக்கின் நிலை என்ன? இலங்கையில் அதற்கு அலுவலகம் கிடையாது. பயனர்கள் உண்டு, நாளாந்தம் 44 இலட்சம் பேர் என்று பின்னர் நிறுவனமே செய்வித்த ஆய்வு சொன்னது. ஏறக்குறைய 2 கோடி 10 இலட்சம் பேர் வாழும் நாட்டில் அது சின்னக் கூட்டமல்ல.

இன்னொரு விஷயத்தைப் பலர் மறந்துவிட்டார்கள். 2017 ஒக்டோபரிலிருந்து பேஸ்புக் ஆறு நாடுகளில் ஒரு பரிசோதனை செய்துகொண்டிருந்தது. இலங்கை, கம்போடியா, பொலிவியா, குவாத்தமாலா, செர்பியா, ஸ்லோவாக்கியா. இந்த நாடுகளில் செய்தி நிறுவனங்கள் உட்பட எல்லாப் ‘பக்கங்களின்’ பதிவுகளையும் முதன்மை ஓடையிலிருந்து (பேஸ்புக்கைத் திறந்ததும் வரும் பதிவு வரிசை) தூக்கி வேறொரு மூலையில் வைத்துவிட்டார்கள். முதன்மை ஓடையில் வர வேண்டுமென்றால் அந்தப் பதிவுக்குக் காசு கட்டி விளம்பரமாகப் போட வேண்டும். நண்பர்கள் போடுவது மட்டும் வழக்கம்போல வந்தது. அதாவது, பக்கத்து வீட்டுக்காரர் பகிர்ந்த மலட்டு மாத்திரைக் கதைக்கு வழி இலவசம். அது பொய் என்று பத்திரிகை எழுதிய செய்திக்குக் கட்டணம். 2018 மார்ச் 1ஆம் திகதி அந்தப் பரிசோதனையை நிறுத்துவதாக நிறுவனம் அறிவித்தது. அம்பாறைச் சம்பவம் அதற்கு மூன்று நாள் முன்னர்தான் நடந்திருந்தது. பரிசோதனையால்தான் கலவரம் வந்தது என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் எந்த மண்ணில் விளையாடினார்கள் என்பதைக் குறித்து வைக்க வேண்டும்.

அம்பாறை: 18 விநாடி

அன்று இரவு நடந்தது சிறிய விஷயம். சாப்பிட வந்த சிங்களவர் ஒருவர் தன் மாட்டிறைச்சிக் கறிக்குள் ஏதோ கட்டியாகக் கிடப்பதைக் கண்டு சத்தம் போட்டார். கறியில் சரியாகக் கரையாத மா கட்டியாக நிற்பது எந்தச் சமையலறையிலும் நடப்பதுதான். காசாளரிடம் அவர் கேட்டது வேறு: மலட்டு மருந்து போட்டாய்தானே?

கல்லாவில் இருந்த இளைஞருக்கு அரைகுறைச் சிங்களம். கறியில் கிடந்த மாக்கட்டியைப் பற்றித்தான் கேட்கிறார்கள் என்று நினைத்ததாக அவர் பின்னர் சொன்னார். சிங்களத்தில் மாவுக்குப் ‘பிட்டி’, மாத்திரைக்குப் ‘பெத்தி’. சுற்றிக் கூட்டம் கூடி நிற்கிறது, எல்லோரும் கத்துகிறார்கள். அவர் தட்டுத் தடுமாறிச் சொன்ன பதில் ஏறக்குறைய இது: “தெரியாது... ஓம், போட்டோம்?”

அதை யாரோ கைபேசியில் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கேள்விக்குறியோடு வந்த பதில் கூட்டத்தின் காதில் ஒப்புதல் வாக்குமூலமாக விழுந்தது. கடைக்காரர்களை அடித்தார்கள், கடையை நொறுக்கினார்கள், அங்கிருந்த பள்ளிவாசலுக்கும் தீ வைத்தார்கள்.

அம்பாறையில் அந்த இரவு அத்தோடு முடிந்திருக்கலாம். 18 விநாடிக் காணொளி பேஸ்புக் ஏறியதும் விவகாரம் அம்பாறையை விட்டு வெளியே போய்விட்டது. மாதக்கணக்கில் ‘கேள்விப்பட்டோம்’ என்று சொல்லப்பட்ட ஒன்றுக்கு இப்போது ‘ஆதாரம்’ கிடைத்துவிட்டது. கறியிலிருந்த கட்டி பின்னர் அரச பகுப்பாய்வாளரிடம் போய், மாவுதான் என்று அறிக்கையும் வந்தது. அறிக்கையை யார் பகிர்வார்கள்?

திகன

இதற்கிடையில் கண்டி மாவட்டத்தில் இன்னொரு சம்பவம். பெப்ரவரி 22ஆம் திகதி தெல்தெனியவில் வீதிச் சண்டை ஒன்றில் ஒரு சிங்கள லொறிச் சாரதியை நான்கு முஸ்லிம் இளைஞர்கள் தாக்கினார்கள். பல நாள் சிகிச்சைக்குப் பிறகு மார்ச் தொடக்கத்தில் அவர் இறந்துபோனார். இது வதந்தியல்ல, உண்மையான கொலை. தாக்கியவர்கள் கைதாகியும் இருந்தார்கள். ஆனால் அம்பாறைக் காணொளி பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு, இது தனி ஆட்களின் குற்றமாகத் தெரியவில்லை. ஒரு சமூகத்தின் திட்டத்தில் அடுத்த படியாகத் தெரிந்தது. பொய்ச் செய்தியின் ஆபத்தில் பெரிய பகுதி இதுதான் என்பது என் எண்ணம். அதன்பின் வரும் உண்மைச் செய்தியையும் அது தன் கதைக்குள் இழுத்துக்கொள்கிறது.

பெரும் பின்தொடர்வோரைக் கொண்ட ஒரு தீவிரச் செயற்பாட்டாளர் தெல்தெனியவுக்கு அருகிலுள்ள திகன நகரத்தில் நடந்தபடியே காணொளி எடுத்துப் போட்டார். சிங்களவரின் கடைகள் இருபதுகூட இல்லை, இந்த ஊரே முஸ்லிம்களுடையதாகிவிட்டது, இதை முன்பே தொடங்கியிருக்க வேண்டும் என்ற போக்கில் பேச்சு. எத்தனை கடை, எந்த இடம், யாருடையது என்பதெல்லாம் அதில் இருந்தது. பார்க்கிறவருக்கு அது ஒரு வரைபடம்.

மார்ச் 4, 5ஆம் திகதிகளில் திகனவிலும் தெல்தெனியவிலும் முஸ்லிம் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. எரிந்த வீடொன்றின் இடிபாடுகளிலிருந்து ஒரு முஸ்லிம் இளைஞரின் உடல் எடுக்கப்பட்டது. மார்ச் 6ஆம் திகதி அரசாங்கம் நாடு முழுவதற்கும் அவசரகால நிலையை அறிவித்தது. போர் முடிந்த பிறகு 2011இல் கைவிடப்பட்ட அவசரகால நிலை, அதன் பிறகு முதன்முறையாகத் திரும்பி வந்தது அன்றுதான்.

முறைப்பாடும் பதிலும்

இந்த ஆய்வுக்கு நடுத்தூண் என்று நான் கருதுவது வீதியில் நடந்ததை அல்ல. ஒரு முறைப்பாட்டையும் அதற்கு வந்த பதிலையும்தான்.

கண்டி எரிந்துகொண்டிருந்த மார்ச் 7ஆம் திகதி ஒருவர் பேஸ்புக்கில் சிங்களத்தில் ஒரு பதிவு போட்டார். முஸ்லிம்கள் எல்லோரையும் கொல்லுங்கள், கைக்குழந்தையையும் விடாதீர்கள், அவர்கள் நாய்கள் என்பது அதன் கருத்து. இதில் மறைபொருள் எதுவுமில்லை. கிண்டல், சிலேடை, ஊர்வழக்கு என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. சிங்களம் தெரிந்த எட்டு வயதுப் பிள்ளைக்கும் விளங்கும்.

பதிவைக் கண்ட ஒருவர் உடனே, செய்ய வேண்டிய முறைப்படி, அதற்காகவே உள்ள பொத்தானை அழுத்தி முறைப்பாடு செய்தார். ஆறு நாள் கழித்துப் பதில் வந்தது: தங்கள் சமூகத் தராதரங்களில், அதாவது தளத்தின் விதிகளில், குறிப்பிட்ட எதையும் இந்தப் பதிவு மீறவில்லை.

இந்த ஆறு நாட்களைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். பதிவு ஏறிய நாளில் கண்டியில் ஊரடங்கு. பதில் வந்த நாளில் கலவரம் அடங்கிவிட்டது. பதிலின் உள்ளடக்கமோ, தாமதத்தைவிட மோசம். தாமதமாக வந்து ‘நீக்கிவிட்டோம்’ என்றால் ஆள் பற்றாக்குறை என்று சொல்லலாம். ‘மீறவில்லை’ என்றால் ஒன்று, படித்தவருக்குச் சிங்களம் தெரியவில்லை; அல்லது, யாரும் படிக்கவே இல்லை. தெரிந்து படித்துவிட்டு அப்படி ஒருவர் முடிவெடுத்தார் என்பதை என்னால் நம்ப முடியவில்லை. எப்படியானாலும் முடிவு ஒன்றுதான். முறைப்பாட்டுப் பெட்டி இருந்தது, அதைத் திறக்கத் தெரிந்த ஆள் இல்லை.

சிங்களப் பதிவுகளைச் சரிபார்க்கும் வேலைக்குச் சுமார் 25 வெற்றிடங்கள் 2017 ஜூனில் அறிவிக்கப்பட்டு, பல மாதங்களாக நிரப்பப்படாமல் கிடந்தன என்று 2018 ஏப்ரலில் அமெரிக்கப் பத்திரிகை ஒன்று எழுதியது. அந்த வேலைகள் இருந்த இடம் இந்தியா. சிங்களம் பேசுகிறவர்களை இந்தியாவில் தேடிக்கொண்டிருந்தார்கள்! கொழும்பில் ஒரு விளம்பரம் கொடுத்திருந்தால் வரிசையில் நின்றிருப்பார்கள்.

முடக்கம்

மார்ச் 7ஆம் திகதி அரசாங்கம் பேஸ்புக், வாட்ஸ்அப், வைபர், இன்ஸ்டகிராம் ஆகியவற்றை முடக்கியது. காரணம் எளிமையானது: சொல்லிப் பார்த்தும் நிறுவனம் கேட்கவில்லை, கையில் இருந்த ஒரே சுவிட்ச் அது. முடக்கிய பிறகுதான் நிறுவனத்தின் ஆட்கள் தங்களைத் தொடர்புகொண்டார்கள் என்று அதிகாரிகள் பின்னர் சொன்னார்கள். மார்ச் 15ஆம் திகதி, நிறுவனப் பிரதிநிதிகள் ஜனாதிபதியின் செயலாளரைச் சந்தித்த பிறகு, பேஸ்புக் தடை நீங்கியது.

இந்த முடிவை எப்படி மதிப்பிடுவது? இரண்டு பக்கமும் எனக்குச் சங்கடம்தான். நிறுவனத்தை மேசைக்குக் கொண்டுவந்தது தடைதான்; நான்கு ஆண்டுக்கு முந்தைய ஆய்வறிக்கையால் முடியாததை ஒரு வார இருட்டு செய்தது. ஆனால் கலவரக்காரர்களை அது எவ்வளவு தடுத்தது என்பது வேறு கேள்வி. தடையைச் சுற்றிப்போக உதவும் வி.பி.என். செயலி போடத் தெரிந்தவர்கள் இரண்டு நிமிடத்தில் உள்ளே போய்விட்டார்கள். ஆள் திரட்டுகிறவர்களுக்கு அது நிச்சயம் தெரிந்திருக்கும். வெளியே நின்றவர்கள் யார்? கண்டியிலிருக்கும் மகளுக்கு என்ன ஆயிற்று என்று வாட்ஸ்அப்பில் கேட்க நினைத்த தாய்தகப்பன். வதந்தி பொய் என்று எழுத முனைந்தவர்களுக்கும் அதே பூட்டுத்தான்.

தடை ஒரு தற்காலிக மருந்து என்றே வைத்துக்கொண்டாலும், அடுத்த முறையும் அதையே எடுக்கும் பழக்கம் அன்றுதான் தொடங்கியது.

சட்டப் பக்கத்தில், காணொளி போட்ட செயற்பாட்டாளரும் இன்னும் பலரும் கைது செய்யப்பட்டார்கள். நிறுவனத்தின் மீது வழக்கு எதுவும் இல்லை. அலுவலகமே இல்லாத ஒன்றுக்கு அழைப்பாணையை எந்தக் கதவில் ஒட்டுவது?

கடிதம், பிறகு மாற்றங்கள்

2018 ஏப்ரல் 10ஆம் திகதி பேஸ்புக்கின் தலைவர் மார்க் ஸக்கர்பெர்க் அமெரிக்கக் காங்கிரஸில் சாட்சியம் சொல்ல அமர்ந்தார். கிட்டத்தட்ட அதே நேரத்தில் இலங்கைச் சிவில் அமைப்புகள் சேர்ந்து அவருக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதின. ‘கைக்குழந்தையையும் விடாதீர்கள்’ பதிவையும் அதற்கு வந்த பதிலையும் உலகத்தின் முன் வைத்தது அந்தக் கடிதம்தான். பொதுவாக ‘வெறுப்புப் பேச்சைத் தடுக்கவும்’ என்று எழுதியிருந்தால் அது இன்னொரு மனுவாகப் போயிருக்கும். ஒரு பதிவு, ஒரு திகதி, ஒரு பதில் என்று கையில் கொடுத்ததால் நிறுவனத்தால் அதை மறுக்க முடியவில்லை. முறைப்பாடு செய்தவர் நிறுவனத்தின் பதிலைப் படமெடுத்து வைக்கும் பழக்கம் எவ்வளவு பெறுமதியானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

2018 ஜூலையில், வன்முறைக்குக் காரணமாகக்கூடிய பொய்த் தகவல்களை நீக்குவோம் என்று பேஸ்புக் புதிய கொள்கையை அறிவித்தது. முதலில் நடைமுறைக்கு வந்த நாடு இலங்கை. அதுவரை நிலைப்பாடு, பொய் என்பதற்காக மட்டும் ஒன்றை நீக்க மாட்டோம் என்பதுதான். அப்புறம் சிங்களமும் தமிழும் தெரிந்தவர்களை வேலைக்குச் சேர்த்தார்கள், சிங்களத்தில் வெறுப்புப் பேச்சைக் கண்டுபிடிக்கும் நுட்பத்தைக் கொண்டுவந்தார்கள். மெசஞ்சரில் ஒரே செய்தியை இத்தனை உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாது என்று எல்லை வைத்தும் இலங்கையில் பார்த்தார்கள்.

இவற்றில் எனக்குப் பிடித்தது கடைசியில் சொன்னதுதான். எது உண்மை, எது பொய் என்று யாரும் தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை. மொழி தெரியவும் வேண்டாம். பரவும் வேகத்தை மட்டும் குறைக்கிறார்கள். அம்பாறைக் காணொளி பொய் என்று நிறுவ நாட்கள் பிடித்தன. அது அந்த நாட்களில் பாதி வேகத்தில் நகர்ந்திருந்தால்கூட நிலைமை வேறாக இருந்திருக்கலாம்.

மன்னிப்பு

2020 மே மாதத்தில் ஆர்ட்டிக்கிள் வன் என்ற ஆலோசனை நிறுவனம் இலங்கை பற்றித் தயாரித்த மனித உரிமைத் தாக்க மதிப்பீடு வெளியானது. அதைச் செய்வித்தது பேஸ்புக்தான். தளத்தில் பரவிய வதந்தியும் வெறுப்புப் பேச்சும் வெளியே நடந்த வன்முறைக்கு இட்டுச் சென்றிருக்கலாம் என்றது அறிக்கை. அதையொட்டித் தங்கள் தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டதற்கு வருந்துவதாகவும், அதனால் மனித உரிமைகளுக்கு ஏற்பட்ட உண்மையான பாதிப்பை ஏற்று மன்னிப்புக் கேட்பதாகவும் நிறுவனம் சொன்னது.

ஒரு சின்ன நாட்டிடம் அந்த அளவு நிறுவனம் மன்னிப்புக் கேட்பது அடிக்கடி நடப்பதல்ல. அந்த வகையில் இது வெற்றிதான். ஆனால் மன்னிப்பை எப்படிப் பெற்றோம் என்று பார்க்க வேண்டும். நீதிமன்றம் உத்தரவிடவில்லை, ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு விசாரிக்கவில்லை. நிறுவனமே ஆளை அமர்த்தி, நிறுவனமே காசு கொடுத்து, நிறுவனமே வெளியிடும் நாளைத் தீர்மானித்தது. அது வெளியானபோது உலகமே கொரோனா ஊரடங்கில் இருந்தது. திகன பற்றி நினைக்க யாருக்கும் நேரமில்லை.

இடையில் 2019

மன்னிப்புக்கு முன்னரே பாடம் மறுபடி நடத்தப்பட்டது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள் நடந்த அன்றே சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. மே 12ஆம் திகதி சிலாபத்தில் நடந்ததைக் கேளுங்கள். முஸ்லிம் கடைக்காரர் ஒருவர், தன்னைச் சீண்டி ஒருவர் சிங்களத்தில் எழுதியதற்கு ஆங்கிலத்தில் ஒரு வரி பதில் போட்டார்: ரொம்பச் சிரிக்காதே, ஒரு நாள் அழுவாய் என்ற கருத்தில். சும்மா வாய்ச்சண்டையில் வருகிற வசனம். குண்டு வெடித்து மூன்று வாரமே ஆன ஊரில் அதை இன்னொரு தாக்குதலுக்கான எச்சரிக்கையாகப் படித்தார்கள். அவரை அடித்தார்கள், பள்ளிவாசல்கள் மீது கல்லெறிந்தார்கள். அடுத்த நாள் வன்முறை குருநாகல் பக்கமும் மினுவாங்கொடைக்கும் பரவியது. இந்த முறை எந்தச் சரிபார்ப்பாளரும் அந்த வரியை நீக்கியிருக்க மாட்டார், நீக்கவும் கூடாது.

அதே மாதம் 23ஆம் திகதி ‘வந்த பெத்தி’ வேறு வேடத்தில் வந்தது. ஒரு முஸ்லிம் மருத்துவர் சத்திரசிகிச்சையின்போது 4,000 சிங்களப் பெண்களை இரகசியமாக மலடாக்கினார் என்று முதல் பக்கத்தில் வந்தது. வந்தது பேஸ்புக்கில் அல்ல, பெரிய சிங்களப் பத்திரிகை ஒன்றில். மருத்துவர் கைதானார். குற்றச்சாட்டுக்கு ஆதாரமில்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களமே நீதிமன்றத்தில் சொன்னது. ஜூலையில் பிணை, ஆண்டுகள் கழித்து மீண்டும் வேலை. பழியை முழுதும் தளங்கள் தலையில் கட்டுகிறவர்கள் இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பேஸ்புக் குழுவில் பிறந்த கதைக்கு அச்சு மையும் தயாராகத்தான் இருந்தது.

சட்டம் எங்கே போய் நின்றது

2024 ஜனவரி 24ஆம் திகதி பாராளுமன்றம் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. பெப்ரவரி 1 முதல் நடைமுறை. ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழு, பொய்யான கூற்று எது என்று தீர்மானிக்கும் அதிகாரம், எழுதியவருக்குச் சிறை வரை தண்டனை. ஊடக அமைப்புகளும் சிவில் அமைப்புகளும் எதிர்த்தன. அவர்கள் அச்சம் நியாயமானது என்றே நினைக்கிறேன். 2018இல் குறை எங்கே இருந்தது? பொய் சொன்னவரைப் பிடிக்கச் சட்டம் இல்லாததில் அல்ல. அவர்கள் அப்போதே இருந்த சட்டத்தில் கைதானார்கள். முறைப்பாட்டை வாசிக்க ஆள் வைக்க வேண்டிய கடமையை நிறுவனத்தின் மேல் சுமத்தச் சட்டம் இல்லாததில்தான். புதிய சட்டத்தின் கனமோ எழுதுகிறவர் மேல்தான் விழுகிறது. சிலாபத்துக் கடைக்காரரை இந்தச் சட்டத்தில் பிடிப்பது சுலபம். ஆறு நாள் தாமதத்துக்கு யாரைப் பிடிப்பது?

மீண்டும் நடந்தால் எதை மாற்றலாம்

முறைப்பாடு செய்கிறவர்கள் பக்கத்தில் மாற்றம் எளிது. பதிவின் இணைப்பு, நேரம், நிறுவனத்தின் பதில் மூன்றையும் படமாக வைத்து, ஒரே இடத்தில் சேர்க்க வேண்டும். தனித்தனியே ஆயிரம் பேர் பொத்தானை அழுத்தியதற்குக் கிடைக்காத பலன், ஒரே பதிவைத் திகதியோடு காட்டிய கடிதத்துக்குக் கிடைத்தது.

அரசாங்கத்தின் பக்கத்தில், கலவரம் வந்த பின் சுவிட்சைத் தேடுவதற்குப் பதிலாக முன்கூட்டியே கேட்க வேண்டியது எண்ணிக்கை: சிங்களத்துக்கு எத்தனை பேர், தமிழுக்கு எத்தனை பேர், சராசரிப் பதில் நேரம் என்ன, இந்த நாட்டில் விற்ற விளம்பரம் எவ்வளவு. கடைசிக் கேள்வியைச் சேர்த்துத்தான் கேட்க வேண்டும். ஒரு மொழியில் விளம்பரம் விற்று வருமானம் பார்க்கிறவர், அந்த மொழியில் வரும் முறைப்பாட்டைப் படிக்க ஆள் வைப்பதும் அந்த வியாபாரத்தின் செலவுதான். மீன் விற்கிறவர் ஐஸ்கட்டிக்குக் காசு இல்லை என்று சொல்ல முடியாது.

பணம் எங்கே போகிறது என்பதற்கு ஒரு தடயம் 2021இல் கசிந்தது. பேஸ்புக்கிலிருந்து வெளியே வந்த உள் ஆவணங்களின்படி, பொய்த் தகவலை வகைப்படுத்தும் வேலைக்கான நேர ஒதுக்கீட்டில் 87 சதவீதம் அமெரிக்காவுக்கு. மீதி உலகத்துக்கு 13. கணக்கு முழுமையானதல்ல என்று நிறுவனம் மறுத்தது. முழுக் கணக்கை அது வெளியிடவும் இல்லை.

இப்படிக் கேட்டால் பதில் சொல்வார்களா என்று கேட்கலாம். ஐரோப்பாவில் சொல்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டப்படி, பெரிய தளங்கள் ஒவ்வோர் உத்தியோகபூர்வ மொழிக்கும் எத்தனை சரிபார்ப்பாளர்களை வைத்திருக்கிறார்கள் என்று பகிரங்கமாக அறிக்கை கொடுக்க வேண்டும். தவறினால் உலக வருமானத்தில் 6 சதவீதம் வரை அபராதம். 2023 இறுதியிலிருந்து அந்த அறிக்கைகள் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் மோல்டா மொழிக்கும் ஒரு வரி உண்டு. அதைப் பேசுகிறவர்கள் ஏறக்குறைய 5 இலட்சம் பேர். சிங்களம் பேசுகிறவர்கள் ஒன்றரைக் கோடிக்கு மேல், தமிழ் பேசுகிறவர்கள் ஏழு கோடிக்கு மேல். அந்த அட்டவணையில் இந்த இரண்டு மொழிக்கும் வரி இல்லை.